இடுப்புத் தண்டுவடச் சுருக்கம்: சிறிய கீறலா, பெரிய கீறலா?

கோபிநத்தத்தில் இருக்கும் என் அக்காவுக்கு வயது 72. வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்குப் போவதற்குள் மூன்று முறை உட்கார்ந்துவிடுவார். "காலு மரத்துப் போவுது தம்பி, குனிஞ்சு உட்கார்ந்தா சரியாயிடுது" என்பார். சர்க்கரையால் வந்த கோளாறு என்று ஆறு மாதம் வைத்தியம் நடந்தது. மைசூருக்கு அழைத்து வந்து எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான், இடுப்புப் பகுதியில் நரம்புகள் செல்லும் கால்வாய் சுருங்கியிருப்பது தெரிந்தது.

அக்கா சொன்னதே இந்நோயின் அடையாளம். குனியும்போது அந்தக் கால்வாய் சற்று அகலமாகிறது. ரத்தக் குழாய் அடைப்பால் வரும் கால்வலி சும்மா நின்றாலே தணியும். இது பெரும்பாலும் உட்கார்ந்தால்தான் தணியும்.

ரயில்வேயில் காலம் கழித்தவன் ஆகையால் எனக்கு இது சுரங்கப்பாதையாகத்தான் விளங்கியது. முதுகெலும்பின் பின்புறத் தகடு அதன் கூரை. வயதானால் உள்ளே தசைநார் தடிக்கிறது, மூட்டுகள் பருக்கின்றன, டிஸ்க் பிதுங்குகிறது. வண்டி போக இடமில்லை. வழக்கமான முறையில் நடுமுதுகில் கீறி, இருபுறத் தசைகளையும் விலக்கி, கூரையையே எடுத்துவிடுகிறார்கள். சிறுதுளை முறையில் ஒரு குழாயைச் செலுத்தி, நுண்ணோக்கியில் பார்த்து, கூரையின் பெரும்பகுதியை விட்டுவைத்து உட்புறத்தைச் செதுக்குகிறார்கள்.

"மாமா, சின்ன ஓட்டைதான் நல்லது" என்று மருமகன் பிடிவாதம் பிடித்தான். நானும் அப்படியே நினைத்தேன். படித்துப் பார்த்தால் கதை வேறு. நார்வேயில் 885 நோயாளிகளை ஒப்பிட்டு 2015-ல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் இரு முறைகளிலும் குணம் ஒன்றுதான். நுண்ணோக்கி முறையில் ஆஸ்பத்திரி வாசம் குறைவு. கோவை கங்கா மருத்துவமனையில், முதுகின் நடுவே கைக்குத் தட்டுப்படும் எலும்பு முனையை இரண்டாகப் பிளந்து, தசையைப் பிரிக்காமல் செய்யும் முறையை 51 பேரிடம் வழக்கமான முறையோடு ஒப்பிட்டார்கள். 2013-ல் வெளியான அதன் முடிவும் சமம்தான்.

திருகாணி வைத்து எலும்புகளை இணைப்பது தனிக் கேள்வி. செலவும் அதில்தான் ஏறும். ஸ்வீடனில் 247 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், அதனால் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே, திருகாணி வேண்டும் என்றால் ஏன் என்று கட்டாயம் கேளுங்கள். எத்தனை இடத்தில் சுருக்கம், அந்த முறையில் டாக்டருக்கு எவ்வளவு பழக்கம் என்றும் கேளுங்கள். நரம்பு முழுதாக விடுபடாவிட்டால் தழும்பு சிறிதாக இருந்து என்ன பயன்?

எல்லோருக்கும் கத்தி தேவையில்லை. உடற்பயிற்சியும் மருந்தும் பலருக்குப் போதும். ஆனால் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அக்காவுக்கு இரண்டு இடத்தில் சுருக்கம். டாக்டருக்குக் கைவந்த வழக்கமான முறையிலேயே செய்தோம், திருகாணி இல்லாமல். உள்ளங்கால் மரப்பு இன்னும் போகவில்லை. அது மெதுவாகத்தான் போகும், போகாமலும் இருக்கலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். போன வாரம் போனில், "பஸ்ஸு வரைக்கும் போயிட்டு வந்தேன். ஒரே தடவதான் உட்கார்ந்தேன், அதுவும் பேச்சுக்கு ஆள் கிடைச்சதால" என்றார்.