ரெட்மைனையே உதவி மையமாக்க…

மென்பொருள் பிழைகளைக் குறித்துவைக்க ரெட்மைன் இருக்கிறது. வாடிக்கையாளர் புகார்களோ ஆளுக்கொரு மெயில் பெட்டியில் சிதறிக் கிடக்கின்றனவா? புதிய மென்பொருள் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

1. புகார்களுக்குத் தனி புராஜெக்ட் தொடங்குங்கள். நிரலாளர் வேலைகளோடு கலந்தால் ‘பில் வரவில்லை’ என்ற புகார் அடியில் போய்விடும்.

2. ஒரே மெயில் முகவரியை இணைத்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் படிக்க சர்வரில் கிரான் வேலை போடுங்கள். ரெட்மைன் தானாகப் போய் மெயில் எடுக்காது. அறிவிப்புகளும் அதே முகவரியிலிருந்தே போகட்டும். அப்போதுதான் வாடிக்கையாளரின் பதில், மெயில் தலைப்பிலுள்ள புகார் எண்ணைப் பிடித்து அதே புகாரில் சேரும்.

3. புதியவர் எழுதினால் கணக்கு உருவாக்கும்படி அமையுங்கள். இயல்பான அமைப்பில் தெரியாதவர் மெயில் ஒதுக்கப்படும். அவர் பாவம், காத்துக்கொண்டே இருப்பார்.

4. வாடிக்கையாளர்களுக்கெனத் தனி ரோல் வைத்து, தாங்கள் பதிந்த புகார் மட்டும் தெரியும்படி செய்யுங்கள். ஒருவரின் போன் எண்ணும் பில் விவரமும் இன்னொருவர் கண்ணில் படவே கூடாது. சோதனைக் கணக்கில் நுழைந்து நீங்களே பார்த்த பிறகே திறந்துவிடுங்கள். இதில் மட்டும் அவசரம் வேண்டாம்.

5. அலுவலகப் பேச்சைத் ‘தனிக் குறிப்பு’ என்று குறியுங்கள். மறந்தால் வாடிக்கையாளருக்கே மெயிலாகப் போகும்.

6. ‘உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறோம்’ என்றொரு நிலை சேருங்கள். யார் பக்கம் தாமதம் என்பது உடனே தெரியும்.