மெத்தென்று இருந்தால் போதுமா?

போன மாதம் மட்டும் நாலு பேர். எங்கள் அடுக்ககத்துச் செயலாளர், என் மச்சினன், அவன் வண்டி விடும் வாட்டர் வாஷ் கடைப் பையன், கடைசியாக எங்கள் கம்பெனி கார் ஓட்டுநர். சொல்லிவைத்தாற்போல எல்லோர் வாயிலும் ஒரே வசனம்: “மைக்ரோஃபைபர் துணியைக் கடைசித் தண்ணில ஒரு மூடி கண்டிஷனர் ஊத்தி அலசுங்க சார். மெத்துனு ஆயிரும். பெயிண்ட்ல ஒரு கோடு விழாதுங்க.” யார் சொன்னது என்று கேட்டால் ஒருவர் வீடியோ என்கிறார், இன்னொருவர் அனுபவம் என்கிறார். மச்சினன் அந்தச் செயலாளரைக் கை காட்டினான்.

துணிக்குச் சாஃப்ட்னர் ஏற்றுவதையும் ஏற்றியதை அளப்பதையும் தொழிலாக வைத்துத் திருப்பூர் சாயப்பட்டறை லேபில் இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். என்னிடமே வந்து இதைச் சொன்னால் எரிச்சல் வராதா?

நம்பிக்கை: கண்டிஷனர் துணியை மெத்தென்று ஆக்கும், மெத்தென்ற துணி காரைக் கீறாது.

உண்மை: முதல் பாதி சரி. வம்பே அந்தச் சரியான பாதியால்தான்.

கடையில் நீலமும் ரோஸுமாக வாசனையோடு விற்கிற திரவமும், பட்டறையில் நாங்கள் டிரம் டிரம்மாக இறக்கும் கேட்டயானிக் சாஃப்ட்னரும் ஒரே குடும்பம். அதன் மூலக்கூறுக்குத் தலையில் நேர் மின்னூட்டம், வாலில் நீண்ட கொழுப்புச் சங்கிலி. தண்ணீரில் நனைந்த துணியின் மேற்பரப்போ எதிர் மின்னூட்டம் உள்ளது. தலை போய் இழையில் ஒட்டிக்கொள்ளும், கொழுப்பு வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு இழைக்கும் எண்ணெய் தேய்த்துச் சீவிவிட்டது மாதிரி. கை வைத்தால் வழவழப்பாக இருக்கிறதே, அது இழையின் குணமல்ல, எண்ணெயின் குணம்.

எண்ணெய் தேய்த்த தலையில் தண்ணீர் ஒட்டுமா?

சந்தேகம் இருந்தால் புதிதாக வாங்கிய குளியல் துண்டை நினைத்துப் பாருங்கள். கடையில் பூ மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து முதல் நாள் துவட்டினால் தண்ணீரை உடம்பெல்லாம் தள்ளிக்கொண்டு போகுமே தவிர உறிஞ்சாது. நாலு தடவை துவைத்த பிறகுதான் அது துண்டு. அந்த நாலு தடவையில் கழன்று போவது எங்களைப் போன்றவர்கள் ஏற்றி அனுப்பிய ஃபினிஷ். துணி வாங்குகிறவர் கை வைத்துப் பார்த்துத்தான் வாங்குவார் என்பதால் ஏற்றுகிறோம். நீங்கள் அதைக் காசு கொடுத்து மறுபடி ஏற்றுகிறீர்கள், அதுவும் கார் துடைக்கிற துணிக்கு.

மைக்ரோஃபைபர் விஷயத்தில் இது சாதாரணத் துண்டைவிட மோசம். 9000 மீட்டர் இழை ஒரு கிராம் எடை இருந்தால் அது 1 டெனியர். பட்டுப்புழு நூற்கும் இழை ஏறக்குறைய அந்த அளவு. அதற்கும் கீழே மெலிந்ததற்குத்தான் மைக்ரோஃபைபர் என்று பேர். கார் துணியில் பெரும்பாலும் 80 பங்கு பாலியஸ்டர், 20 பங்கு நைலான்; கொஞ்சம் உசத்தியில் 70-க்கு 30. இரண்டையும் ஒரே இழையாக இழுத்து, பிறகு ஆரஞ்சுச் சுளை பிரிப்பதுபோல நீளவாக்கில் பிளக்கிறார்கள். தண்ணீர் ஏறுவதும் தூசி போய் அடங்குவதும் அந்தச் சுளைகளுக்கு நடுவே இருக்கும் இடுக்குகளில். இடுக்குதான் சரக்கு. அங்கே கொழுப்பைப் பூசிவிட்டால் கையில் மிஞ்சுவது ஒரு விலை கூடிய பாலியஸ்டர் துண்டு.

லேபில் இதற்கு எளிய சோதனை உண்டு. துணியைச் சட்டத்தில் இறுக்கி மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவோம். சொட்டின் பளபளப்பு மறைய எத்தனை நொடி என்று ஸ்டாப் வாட்சில் பார்ப்போம். ஏஏடிசிசி 79 என்று பையர்கள் கேட்பது இதைத்தான். வீட்டில் ஒரு டம்ளர் வாயில் துணியை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கினால் சட்டம் தயார். மச்சினன் துண்டில் செய்து காட்டினேன். என் துண்டில் சொட்டு விழுந்த இடம் தெரியவில்லை. அவன் துண்டில் சேப்ப இலைமேல் உருளும் தண்ணீர் மாதிரி நின்றது. நான் காப்பியில் பாதி குடிக்கும் வரைக்கும் நின்றது. “வாசம் நல்லா இருக்கே மச்சான்” என்றான்.

கீறலுக்கு வருவோம். பெயிண்டைக் கீறுவது துணியல்ல, துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் மாட்டிய மண். நம் ரோட்டுத் தூசியில் இருக்கிற குவார்ட்ஸ் மணலுக்கு மோஸ் அளவில் கடினம் 7. காரின் மேல்பூச்சு அதற்கு முன்னால் வெண்ணெய். பிளந்த இழை அந்த மண்ணை உள்ளே வாங்கிக்கொள்வதால்தான் மைக்ரோஃபைபருக்கு மவுசு. கொழுப்பு பூசிய துணி வாங்காமல் உருட்டிக்கொண்டே போகும். கோடு விழக்கூடாது என்று ஊற்றியது கோடு போட வழி செய்கிறது. கண்ணாடியைத் துடைத்தால் எண்ணெய்க் கோடு தனி. பாலியஸ்டர் புடவை காலோடு ஒட்டுகிறது, பொறி பறக்கிறது என்றால் கண்டிஷனர் போடுங்கள், அதற்குத்தான் அது நல்லது. தூசி தட்டுகிற துணியில் அந்த ஒட்டுக் குணம் வேண்டும். அதைக் கொன்றுவிட்டு என்ன செய்யப்போகிறீர்கள்?

சோப்புத் திரவத்தையும் கண்டிஷனரையும் ஒரே பக்கெட்டில் சேர்த்து ஊற்றுகிற மகாபுத்திசாலிகளும் உண்டு. சோப்புத் திரவம் எதிர் மின்னூட்டம், இது நேர். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, திரிந்த பால் மாதிரி ஆகித் துணியிலேயே படியும். மெஷினில் கண்டிஷனரைக் கடைசி அலசலுக்கென்று தனி அறையில் ஊற்றச் சொல்வது இதனால்தான். போன தடவை ஊற்றியதில் மிச்சம் அந்த அறையில் ஒட்டிக்கொண்டிருக்கும். கார் துணி போடுவதற்கு முன்னால் அதைக் கழற்றிக் கழுவுங்கள்.

இன்னொரு குழப்பம். “எங்க வீட்ல மொட்டை மாடியில சாஃப்ட்னரே வச்சிருக்கோம் சார்” என்றார் ஓட்டுநர். அது தண்ணீர்ச் சாஃப்ட்னர் அப்பா! உப்புத் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடிக்கிற ரெசின் தொட்டி. பேர் ஒன்று, வேலை வேறு. அது துணிக்கு அமிர்தம்.

ஏற்கெனவே ஊற்றித் தொலைத்தவர்கள் பயப்பட வேண்டாம். ஒரு தடவையில் துணி செத்துவிடாது, சேரச் சேரத்தான் கெடும். கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில், 60 டிகிரி வரை போகலாம், வெறும் துவைப்புத் திரவம் கலந்து அரை மணி ஊறவைத்து, மூன்று நாலு தண்ணீர் அலசுங்கள். சொட்டு சோதனையில் தேறினால் பானெட்டுக்கு, தேறாவிட்டால் டயருக்கு.

மற்றவற்றுக்கு இவ்வளவு மூச்சு செலவழிக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: சாதாரணத் துவைப்புத் திரவம் இழையை அரித்துவிடும், மைக்ரோஃபைபருக்கென்று தனி பாட்டில்தான் வேண்டும்.

உண்மை: இழையைச் சுளை சுளையாகப் பிளக்கிற முக்கிய வழிகளில் ஒன்று சூடான காஸ்டிக் சோடாக் கரைசல். அப்புறம் 130 டிகிரியில் அழுத்தத்தில் சாயம் ஏற்றுகிறோம். அதற்கெல்லாம் தாக்குப்பிடித்தது உங்கள் துவைப்புத் திரவத்துக்கா கரையும்? தனி பாட்டில் கெடுதல் இல்லை. அதன் பெருமையெல்லாம் கண்டிஷனர் இல்லாமை, நன்றாக அலசிப் போவது இரண்டும்தான். அதே குணம் சாதாரணத் திரவத்திலும் கிடைக்கும்.

நம்பிக்கை: என்சைம் போட்ட திரவம் துணியைத் தின்றுவிடும். உண்மை: அந்த நொதிகளுக்குப் பாலியஸ்டரும் நைலானும் உணவில்லை. பருத்திப் பிசிறைக் கடிக்கிற செல்லுலேஸ் என்ற நொதிக்கும் இங்கே வேலையில்லை.

நம்பிக்கை: வினிகரும் சமையல் சோடாவும் கலந்தால் சூப்பர். உண்மை: ஒன்றையொன்று தீர்த்துவிட்டு நுரைத்து அடங்கும். வினிகர் மட்டும் கொஞ்சம் கலந்து அலசினால் சுண்ணாம்புப் படிவு விடும், அவ்வளவுதான்.

நம்பிக்கை: ப்ளீச்சிங் போட்டால் பளிச். உண்மை: பாலியஸ்டர் தாங்கும், நைலானைக் குளோரின் தின்னும். வேண்டாம்.

நம்பிக்கை: எல்லாத் துணியோடும் சேர்த்துப் போடலாம். உண்மை: பனியனும் லுங்கியும் விடுகிற பஞ்சு முழுக்க இதில் வந்து உட்காரும். அதற்குப் பனியன் வேஸ்டையே வைத்துத் துடைத்துவிடலாம்.

சரி, எதை வாங்குவது? திரவமாக வாங்குங்கள். வாசனை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்: ‘கண்டிஷனர் சேர்ந்தது’, ‘2 இன் 1’, ‘மென்மை’ என்று எங்காவது இருந்தால் வைத்துவிடுங்கள். வேக்ஸ் கலந்த கார் ஷாம்பும் அப்படியே. அது வண்டிக்கு, துணிக்கல்ல. பவுடர்தான் இருக்கிறது என்றால் தனியாக வெந்நீரில் முழுக்கக் கரைத்து, தெளிவை ஊற்றுங்கள். சலவைக் கட்டியைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். கட்டியைக் கட்டியாக நிறுத்துவதே அதிலிருக்கிற கல்மாவும் களிமண்ணும்தான். அதை அந்த இடுக்கில் தேய்ப்பானேன்? பத்துத் துண்டுக்கு ஒரு பெரிய ஸ்பூன் திரவம் தாராளம்.

இந்த இடத்தில் எல்லோரும் சண்டைக்கு வருவார்கள். “ஒரு ஸ்பூனா? நுரையே வராதுங்களே!” நுரை வராததற்குக் காரணம் திரவம் இல்லை, உங்கள் போர் தண்ணீர். குடிதண்ணீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருக்கலாம் என்கிறது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை. கார் துணி முறுக்கு மாதிரி விறைத்து நிற்க இந்தக் கால்சியம் போதும். அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் கண்டிஷனரைத் தேடுகிறார்கள்! டையிங் மாஸ்டரைக் கேளுங்கள், சாயத்துக்கு முன்னால் தண்ணீரைச் சோதிக்காமல் பாத்திரத்தைத் தொடமாட்டார். நீங்கள் கார் வாங்கிய அன்று அதற்கு ஆயிரம் விஷயம் விசாரித்தீர்கள், வீட்டுத் தண்ணீரின் கடினத்தன்மை என்னவென்று ஒரு நாளாவது கேட்டீர்களா? சிறுவாணித் தண்ணீர் வருகிற கோயமுத்தூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். மற்றவர்கள் கடைசி அலசலுக்காவது குழாயில் வரும் நல்ல தண்ணீரையோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரையோ ஒரு பக்கெட் ஒதுக்குங்கள். துணியின் விறைப்பு பாதி குறையும், காசு ஒரு பைசா ஆகாது.

இன்னும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எல்லோரும் எங்களைத்தான் கை நீட்டினார்கள். நீட்டியது நியாயம்தான், நொய்யல் ஆற்றுக்கு நாங்கள் செய்தது கொஞ்சமல்ல. இன்று நாங்கள் ஒரு சொட்டுக் கழிவுநீர் வெளியே விடக்கூடாது. சுத்திகரித்துத் திருப்பி எடுக்க வேண்டும். ஆனால் எட்டுத் துண்டுக்கு இரண்டு மூடி திரவமும் ஒரு மூடி கண்டிஷனரும் ஊற்றிச் சாக்கடையில் விடுகிற வீட்டுக்காரரை எந்த நீதிமன்றம் கூப்பிடப் போகிறது?

இதையெல்லாம் வாட்டர் வாஷ் பையனுக்கு நின்று நிதானமாகச் சொல்லி முடித்தேன். முழுக்கக் கேட்டான், நல்ல பையன். பிறகு ஷெல்பிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினான். “அப்ப இது போடலாங்களா சார்? தலைக்குப் போடறதுதான், மைல்டா இருக்கும்.”

திருப்பிப் பார்த்தேன். ‘கண்டிஷனர் கலந்த ஷாம்பு’ என்று தமிழிலேயே எழுதியிருந்தது.