முதுகெலும்பு ஆப்பரேஷன் முடிந்தும் வலி தீரவில்லையா? வாய் திறந்து கேளுங்கள்!



முதுகு வலி நம் தோட்டங்களுக்குப் புதிய சங்கதி அல்ல. ரப்பர் காலத்தில் காண்டாக் கம்பில் பால் வாளி தூக்கினோம். இன்று செம்பனைக் குலை தூக்குகிறோம். ஒரு குலை இருபது கிலோவுக்கு மேலும் நிற்கும். நாள் முழுதும் அண்ணாந்து மட்டை வெட்டி, குனிந்து உதிரிப் பழம் பொறுக்கி, தள்ளுவண்டி தள்ளுகிறவனுக்கு ஒரு நாள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. தைலம் தேய்க்கிறான், பிளாஸ்திரி ஒட்டுகிறான். கடைசியில் கால் மரத்துப்போய் ஆஸ்பத்திரிக்குப் போகிறான். எலும்பை இணைத்து ஆப்பரேஷன் செய்கிறார்கள்.

வீட்டில் எல்லோரும் என்ன நினைக்கிறார்கள்? "ஆப்பரேஷன் ஆயிடுச்சு, இனிமே சரியாப் போயிடும்" என்றுதான். ஆனால் ஆறு மாதம் ஆகிறது, ஒரு வருஷம் ஆகிறது, வலி போகவில்லை. கிளினிக்குக்குப் போனால் ஒவ்வொரு தடவையும் ஒரு புது டாக்டர். எக்ஸ்ரேயைப் பார்த்து, "ஓகே, பாகுஸ்" என்று சொல்லி மாத்திரை எழுதி அனுப்புகிறார். "நம்ம மூஞ்சியைக்கூட நிமிர்ந்து பார்க்கலேண்ணே" என்று மனம் நொந்து திரும்புகிறான். லயத்தில் இருப்பவர்கள், "வேலைக்குப் போகப் பயந்துகிட்டு நடிக்கிறான்" என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள்.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் இந்த மாதப் பாடம். உங்கள் வலி உண்மையானது. எக்ஸ்ரேயில் தெரியாத வலியும் வலிதான். இதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன செய்தார்கள்?

கழுத்தில் ஏழு, மார்புக்குப் பின்னால் பன்னிரண்டு, இடுப்பில் ஐந்து என்று முதுகெலும்பு துண்டு துண்டாக அடுக்கப்பட்டிருக்கிறது. துண்டுகளுக்கு நடுவில் மெத்தை போல டிஸ்க் உண்டு. நமக்குப் பெரும்பாலும் கெட்டுப்போவது இடுப்பின் அடிப்பகுதி. அங்கே எலும்பு நழுவினாலோ, டிஸ்க் பிதுங்கி நரம்பை நசுக்கினாலோ, இரண்டு மூன்று துண்டுகளை ஒன்றாக இணைத்துவிடுகிறார்கள்.

ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக்கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பட்டையைக் கீறி, கண்ணை வைத்து, நாடாவால் இறுகச் சுற்றுகிறோம். நாடா பிடித்துக்கொள்ள மட்டுமே. உயிர் பிடிக்க வேண்டியது கண். இங்கேயும் அப்படியே. திருகாணியும் கம்பியும் நாடா மாதிரி. நடுவில் வைத்த எலும்புத் துணுக்குகள்தான் வளர்ந்து ஒட்ட வேண்டும். அதற்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை, சில பேருக்கு அதற்கு மேலும் ஆகும். தையல் காய்ந்துவிட்டது என்பதற்காக எலும்பு ஒட்டிவிட்டது என்று எண்ணி மூன்றாம் மாதமே குலை தூக்கப் போகாதீர்கள்.

வலி ஏன் நிற்கிறது?

முதுகெலும்பு ஆப்பரேஷனுக்குப் பிறகு வலி நீடிப்பது உலகம் முழுவதும் உள்ள தொல்லை. ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறும். நூற்றுக்குப் பத்து முதல் நாற்பது பேர் வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆகவே நீங்கள் தனி ஆள் இல்லை. காரணங்கள் பல:

1. எலும்பு ஒட்டாமல் இருக்கலாம். புகை பிடிப்பவர்களுக்கும் இனிப்புநீர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

2. திருகாணி தளர்ந்திருக்கலாம், அல்லது நரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

3. ஆறின புண்ணின் தழும்பு உள்ளே நரம்பைச் சுற்றிப் பிடித்திருக்கலாம்.

4. ஆப்பரேஷனுக்கு முன்பே பல மாதம் நசுங்கிக் கிடந்த நரம்பு, விடுபட்ட பிறகும் எரிச்சலும் மரமரப்பும் தரலாம்.

5. இணைத்த எலும்புகள் அசையாததால், மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அந்தப் பாரத்தைத் தாங்கித் தேயலாம்.

6. வலி நெடுநாள் நீடித்தால் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடும். காயம் ஆறிய பிறகும், சின்னத் தொடலைக்கூடப் பெரிய வலியாக மூளைக்குச் சொல்லும். இது மனப்பிரமை அல்ல.

ஒவ்வொரு காரணத்துக்கும் வைத்தியம் வேறு. எனவே "வலிக்குது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் போதாது. எப்படி வலிக்கிறது என்று சொல்ல வேண்டும்.

உடனே ஓட வேண்டிய அடையாளங்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த தவணைக்குக் காத்திருக்காதீர்கள். இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

- சிறுநீர் வராமல் அடைப்பது, அல்லது தெரியாமலே சிறுநீர், மலம் போவது
- தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போவது
- கால் திடீரென்று பலம் இழப்பது, பாதம் தொங்கிப்போவது
- காய்ச்சல், குளிர், தையல் இடத்தில் சீழ் அல்லது நீர் கசிவது
- ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி

டாக்டர் காது கொடுக்கவில்லை என்றால்

அரசாங்க ஆஸ்பத்திரியில் கூட்டம் நமக்குத் தெரிந்ததே. ஒரு நோயாளிக்கு டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்த நிமிடங்களை நாம் வீணாக்கக் கூடாது. காலையில் ஐந்து மணிக்குப் பஸ் பிடித்துப் போய், உள்ளே நுழைந்ததும் பேச்சு வராமல், "எல்லாம் சரி டாக்டர்" என்று சொல்லித் திரும்புகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டில் இரண்டு வாரம் குறித்து வாருங்கள்: எங்கே வலி, எந்த நேரம், குத்தலா எரிச்சலா, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், என்ன மாத்திரை, என்ன பலன். சுகாதார அமைச்சு 2008ஆம் ஆண்டில் வலியை ஐந்தாவது முக்கிய அடையாளமாக ஏற்றுக்கொண்டது. காய்ச்சல், நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் பார்ப்பதைப் போல வலியையும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எண் போட்டுக் கேட்டுக் குறிக்க வேண்டும் என்பது அதன் பொருள். ஆகையால், "ஸ்கோர் சாகிட் சாயா லாப்பான்" என்று நீங்களே எண்ணைச் சொல்லுங்கள். அட்டையில் எழுதச் சொல்லுங்கள். "பத்துக்குப் பதினைந்து" என்று கூட்டிச் சொல்லவும் வேண்டாம். வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லவும் வேண்டாம்.

கேள்வி நாலு போதும். மலாயில் கேட்க வராதவர்கள் இதைப் படித்துப் பழகிக்கொள்ளுங்கள்:

"டாக்டர், கெனாப்பா மாசே சாகிட்?" (ஏன் இன்னும் வலிக்கிறது?)
"தூலாங் சூடா பெர்ச்சந்தும் கா?" (எலும்பு ஒட்டிவிட்டதா?)
"கெர்ஜா அப்பா சாயா போலே புவாட்?" (என்ன வேலை நான் செய்யலாம்?)
"போலே ரூஜோக் கிளினிக் கெசாகித்தான்?" (வலி கிளினிக்குக்கு அனுப்ப முடியுமா?)

கடைசிக் கேள்வி முக்கியம். வலிக்கென்றே தனிக் கிளினிக் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. சிலாங்கூரில் செலாயாங் ஆஸ்பத்திரி இதில் முன்னோடி. மருந்து மட்டும் இல்லாமல், உடற்பயிற்சி, மனத்தைப் பழக்குதல், வேலைக்குத் திரும்புதல் என்று நோயாளிகளுக்கு அங்கே பயிற்சி நடத்தியிருக்கிறார்கள். நீங்கள் குளுவாங்கில் இருந்தாலும் சிகாமட்டில் இருந்தாலும், உங்கள் டாக்டரிடம் கடிதம் கேட்டுப் பெறலாம்.

தனியாகப் போகாதீர்கள். மனைவி, படித்த மகன் அல்லது மகள், இல்லாவிட்டால் சங்கத்துக் கமிட்டி ஆள் ஒருவர் கூட இருந்தால் கேட்டதும் மறக்காது, சொன்னதும் மறக்காது. மரியாதையாகப் பேசுங்கள், ஆனால் பதில் கிடைக்கும் வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள். அப்படியும் பலன் இல்லையென்றால் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கக் கேளுங்கள். வேறொரு டாக்டரின் கருத்துக் கேட்பது குற்றம் இல்லை. அதன் பிறகும் குறை இருந்தால், ஆஸ்பத்திரியின் பொதுமக்கள் தொடர்புப் பிரிவில் எழுத்து மூலம் கொடுங்கள். தனியார் ஆஸ்பத்திரிகளும் நோயாளிகளின் குறை கேட்க ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

கோர்ட்டு சொன்ன ஒரு பாடம்

நம் நாட்டில் ஃபூ ஃபியோ நா என்ற பெண்ணின் வழக்கு பேர்போனது. 1982இல் கார் விபத்தில் அவருக்குக் கழுத்தெலும்பு விலகியது. ஆப்பரேஷன் செய்து எலும்பைக் கம்பியால் கட்டினார்கள். அதன் பிறகு கை கால் விளங்காமல் போயிற்று. கம்பி வளையம் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது பிறகுதான் கண்டுபிடிக்கப்பட்டது. வழக்கு மேலும் கீழுமாக இழுத்தது. 2006 டிசம்பரில்தான் கூட்டரசு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இருபத்து நான்கு வருஷம்!

அந்தத் தீர்ப்பு நமக்கெல்லாம் பயன் தருவது. ஆப்பரேஷனில் உள்ள முக்கிய ஆபத்துகளை நோயாளிக்கு விளங்கும்படி சொல்வது டாக்டரின் கடமை என்றும், போதுமான அளவு சொன்னாரா என்பதைத் தீர்மானிப்பது கோர்ட்டு என்றும் அது நிலைநாட்டியது. இன்னொரு ஆப்பரேஷன் செய்யலாம் என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: எதற்காக? என்ன பலன்? என்ன ஆபத்து? செய்யாவிட்டால் என்ன ஆகும்? முதல் தடவையைவிட இரண்டாம், மூன்றாம் தடவை பலன் குறைவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வலி நிற்கவில்லை என்பதாலேயே டாக்டர் தவறு செய்தார் என்று ஆகிவிடாது. ஆனால் சந்தேகம் பலமாக இருந்தால் காலம் கடத்தாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரி மீதான வழக்குக்கு 36 மாதத் தவணைதான். மருத்துவ அறிக்கையை வாங்கிக்கொண்டு, சங்கத்தின் மூலம் வழக்கறிஞரைப் பாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

படுக்கையிலேயே கிடப்பது வலியை வளர்க்கும். லயத்தைச் சுற்றி ஐந்து நிமிடம் நடங்கள். வாரம் தோறும் கொஞ்சம் கூட்டுங்கள். நல்ல நாளில் வீட்டு வேலை எல்லாம் செய்து, மறுநாள் எழ முடியாமல் கிடப்பது நம் ஆட்களின் பழக்கம். அளவாகச் செய்து, தினமும் செய்யுங்கள். பிசியோதெரபியில் காட்டிக் கொடுத்த பயிற்சியை வீட்டிலும் விடாதீர்கள்.

படுக்கையிலிருந்து எழும்போது ஒரு பக்கமாக உருண்டு, கையை ஊன்றி எழுங்கள். குந்தி உட்காரும் கக்கூசு கஷ்டம்; நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி ஒன்று செய்து போடுங்கள். தண்ணீர் வாளியைப் பிள்ளைகள் தூக்கட்டும். செம்மண் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் குலுங்கிப் போவதைத் தவிருங்கள்.

மாத்திரை விஷயத்தில் ஜாக்கிரதை. 500 மில்லிகிராம் பெனடோல் போன்றவற்றைப் பெரியவர்கள் ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போடக் கூடாது. குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்களுக்கு அதுவும் அதிகம். வீக்கத்துக்குத் தரும் வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், கிட்னி கெடும். இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. நரம்பு வலி மாத்திரை தூக்கம் வரவைக்கும். திடீரென்று நிறுத்தவும் கூடாது. சந்தையில் விற்கும் "ஒரே நாளில் வலி போகும்" மாஜுன், ஜாமு சிலவற்றில் ஸ்டிராய்டு கலந்திருப்பதை அரசாங்கம் பல தடவை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. ஆப்பரேஷன் செய்த முதுகை உருவு வைத்தியரிடம் மிதிக்கக் கொடுக்காதீர்கள். சிகரெட்டை விட்டுவிடுங்கள், அது எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நெடுநாள் வலி மனிதனைச் சிடுசிடுப்பாக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், சில பேரைத் தண்ணி பக்கம் தள்ளும். "இருந்து என்ன பிரயோஜனம்" என்று அவர் பேச ஆரம்பித்தால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வலிப்பவர் பெண்ணாக இருந்தால், வீட்டு வேலை மொத்தமும் அவர் தலையில் விழாமல் ஆண்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சொக்சோவை மறக்காதீர்கள்

வேலையில் விழுந்தோ தூக்கியோ முதுகு பட்டிருந்தால் அது வேலை விபத்து. முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அன்றே கிராணியிடம் சொல்லிப் பதிய வையுங்கள். கூட இருந்து பார்த்தவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். எம்.சி. நான்கு நாளோ அதற்கு மேலோ இருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் நூற்றுக்கு 80 பங்கு தற்காலிக உதவித்தொகை உண்டு. ஊனம் நிலைத்துவிட்டால் மருத்துவ வாரியம் அளவிடும். அந்த முடிவு சரியில்லை என்றால் அப்பீல் செய்யலாம். கடிதத்தில் உள்ள கெடுத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

வேலை விபத்தாக இல்லாவிட்டாலும், 60 வயதுக்குள் இருப்பவர், சுகமாக உள்ள தொழிலாளி சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாமல் போனால், சந்தா நிபந்தனைக்கு உட்பட்டு இயலாமை பென்ஷன் கேட்கலாம். தவிரவும் 2007 முதல் வேலைக்குத் திரும்பும் திட்டம் நடக்கிறது. குலை வெட்ட முடியாதவர் நர்சரியிலோ ஸ்டோரிலோ வேலை செய்ய முடியுமா என்று முதலாளியிடம் பேசவும் அதில் ஆள் உண்டு. இதற்கெல்லாம் டாக்டர் எழுதும் அறிக்கைதான் ஆதாரம். நீங்கள் டாக்டரிடம் சொல்லாத வலி அறிக்கையில் ஏறாது; அறிக்கையில் ஏறாத வலிக்குக் காசு வராது!

ஆகவே தோழர்களே, முழு வலியும் போய்விடும் என்று இந்தப் பக்கம் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. சில பேருக்குக் கொஞ்சம் வலி கூடவே இருக்கும். ஆனாலும் தூங்க முடிய வேண்டும், பேரப்பிள்ளையோடு கோயில் வரை நடக்க முடிய வேண்டும், செய்யக்கூடிய வேலைக்குத் திரும்ப முடிய வேண்டும். அதற்குக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அடுத்த கிளினிக் தேதிக்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். இன்று இரவே முதல் வரியை எழுதுங்கள். எழுத வராதவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும்.