உடைந்த பல்லும் ஊன்றிய பல்லும்

நம்பத்தகாதவனை ஆபத்துக் காலத்தில் நம்பியிருத்தலுக்கு உடைந்த பல்லை உவமையாகக் கூறுவர் நீதிமொழிகளின் ஆசிரியர். அவ்வுவமையின் பொருத்தத்தை யான் நேரிற் கண்டது சென்ற கோடை விடுமுறையிலாம். ஓசூர்ச் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் தமையனார்க்கு இடப்பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று பாதிக்குமேல் உடைந்துபோயிற்று. கேழ்வரகுக் களியை மெல்லாது விழுங்குதல் எம் பக்கத்து வழக்கமாதலின், அக்குறையை அவர் சில காலம் பொருட்படுத்தினாரல்லர். இரவில் நோவு மிகுந்த பின்னரே வைத்தியரை நாடினார். ஒருவர், பல்லை எடுத்துவிட்டு இம்பிளாண்ட் வைத்துக்கொண்டால் கவலை ஒரேயடியாய்த் தீரும் என்றார். பெங்களூரில் மற்றொருவர், வேர் நன்றாயிருத்தலின் எடுக்கவேண்டா என்றார். எவர் சொல்லைக் கேட்பது? ஒரு வாரம் எம் வீட்டில் உணவுவேளைதோறும் இதுவே பேச்சு. அக்காலத்தில் யான் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

பல்லிற் புறத்தே தெரிவது ஒரு பகுதியே. வேர் தாடையெலும்பினுள் மறைந்திருப்பது. அவ்வேர் எலும்போடு ஒட்டி நிற்பதன்று. இரண்டிற்கும் இடையே நுண்ணிய நார்கள் எண்ணிறந்தன உள. ஊஞ்சலைக் கயிறு தாங்குமாறு அவை பல்லைத் தாங்குகின்றன. கடியின் வேகத்தைத் தணிப்பனவும், சோற்றிற் கலந்த ஒரு மணலை நமக்கு உணர்த்துவனவும் அவையே. பல்லைப் பிடுங்கினால் அந்நார்களும் உடன்போம். ஆதலின் பழுதுபார்த்தலா, மாற்றுதலா என்னும் வழக்கில் முதற்கண் ஆராயத்தக்கது வேரின் நிலையே. உடைந்த முடியின் அளவன்று.

பல்லின் நடுவேயுள்ள கூழ் அழுகினும் வேர் பயனற்றதாகிவிடாது. வேர்ச்சிகிச்சையில் அக்கூழை நீக்கி, உட்குழாய்களைத் தூய்மைசெய்து, கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாலாலாகிய பொருளை அடைக்கின்றனர். (பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாயிருந்ததும் இம்மலேயா நாட்டுப் பொருளே.) பின்னர் மேலே உறையிடுவர். உறை நிலைபெறவேண்டின், ஈற்றுக்கு மேல் நல்ல பற்சுவர் சுற்றிலும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டராவது நிற்றல் வேண்டும். உலக்கைக்குப் பூண் எவ்வாறோ அவ்வாறே பல்லுக்கு உறை. பற்றுதற்கு மரமில்லாத இடத்துப் பூண் என் செய்யும்?

நிற்க. இம்பிளாண்ட் என்பது தாடையெலும்பில் ஊன்றப்படும் டைட்டேனிய ஆணி. எம்மூரார்க்கு டைட்டன் என்றாற் கைக்கடிகாரமே நினைவுக்கு வரும், இது வேறு. ஸ்வீடன் தேசத்துப் பிரானெமார்க் என்பார் 1952ஆம் ஆண்டளவில், முயலின் காலெலும்பிற் பதித்த டைட்டேனியக் கருவி எலும்போடு ஒன்றிப்போய் எடுக்க வாராமை கண்டு வியந்தார். 1965இல் மனிதர் வாயில் அம்முறையைக் கையாண்டார். 1982இல் டொராண்டோ நகரத்து மாநாட்டிற்குப் பின்னரே வைத்திய உலகம் அதனைப் பரவலாக ஏற்றது. பிரிட்ஜ் கட்டுதற்கு அயற்பற்களை அராவவேண்டும். இதற்கு அது வேண்டா. வேர் இழந்தார்க்கு இஃது பெரும்பேறே.

ஆயினும் "ஒரேயடியாய்" என்ற சொல்லே பிழை. எலும்பு ஆணியைப் பற்றுதற்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு திங்கள் செல்லும். தாடை வளர்ச்சி முடியாத இளையோர்க்கு இஃது ஏலாது. கட்டுக்கடங்காத நீரிழிவும் புகைப்பழக்கமும் இதன் பகைகள். ஆணி சொத்தையாகாது, உண்மை. ஆனால் சுற்றியுள்ள ஈறு வீங்கி எலும்பு கரைதல் உண்டு. நார்கள் இன்மையின் இயற்கைப் பல்லின் நுண்ணுணர்வும் இதற்கில்லை.

இனி, எப்பல்லையும் விடாப்பிடியாய்க் காக்கவேண்டும் என்பாரோடும் யான் உடன்படேன். வேர் நெடுக்காகப் பிளந்ததாயின் எடுத்தலே தக்கது. தமையனாரின் தோழர் ஒருவர் அத்தகைய பல்லை நோவு மாத்திரையின் துணையால் மூன்றாண்டு ஓட்டினார். இறுதியில் எலும்பு கரைந்துபோகவே, ஆணி ஊன்றுமுன் எலும்பு நிரப்பும் சிகிச்சையும் வேண்டியதாயிற்று.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்தார்க்கு மற்றொன்றும் சொல்லவேண்டும். எம் கிணற்றுநீர் பலவற்றில் ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்ததும் இதுபற்றியே. பற்கள் உருவாகும் இளமையில் அந்நீரைப் பருகியோர்க்குப் பற்களிற் பழுப்புக் கறை படிந்துள்ளது. வாய்விட்டுச் சிரிக்க நாணுவார் பலரை யான் அறிவேன். முன்பற்களை எடுத்துவிட்டுப் புதியன வைத்துக்கொள்ள எண்ணுவாரும் உளர். பெரும்பாலும் கறை எனாமலைச் சார்ந்ததே. வேருக்கு யாதொரு குற்றமுமில்லை. மேற்பூச்சோ மெல்லிய பீங்கானுறையோ போதுமாயிருக்க, நல்வேரைப் பிடுங்குதல் என்ன நியாயம்?

தமையனார்க்குத் தெளிவு பிறந்தது பெங்களூர் வைத்தியர் கூறிய ஒரு சொல்லால். "இப்பல் பல்லாண்டு நின்று பின்னர்ப் போமாயின் அன்றும் இம்பிளாண்ட் வைக்கலாம். இன்று எடுத்துவிட்டால் நாளை வேரை யார் தருவார்?" என்றார் அவர். நான்கு சனிக்கிழமை பஸ்ஸேறிச் சென்று சிகிச்சை முடித்து உறையும் போட்டுக்கொண்டார் தமையனார். பொங்கற்குக் கரும்பு வந்தபொழுது மட்டும் அவர் வலப்பக்கத்தாலேயே கடித்தார்.