பூவெளி மீது சுமத்தப்படும் டிங்கிப் பழி

மலேசியாவில் சாலாக் செலாத்தான் முதல் கிள்ளான் வரை, தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளின் காலி நிலத்தில் உள்நாட்டு ஓராண்டுப் பூச்செடிகளை வளரவிடலாம் என்ற பேச்சு எழும் இடமெல்லாம், "புல் வளர்ந்தால் டிங்கி வரும்" என்ற மறுப்பும் உடனே எழுகிறது. அதை ஆராயாமல் ஏற்றுக்கொள்வதால், பூத்து நிற்கும் செடிகள் விதை முற்றுமுன்பே மழிக்கப்படுகின்றன.

இக்கூற்று தவறானது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் எகிப்தி, ஏடிஸ் அல்போபிக்டஸ் ஆகிய கொசுக்கள் புல்லில் முட்டையிடுவதில்லை. நீர் தேங்கிய கலத்தின் உட்சுவரில், நீர்மட்டத்தை ஒட்டிய ஈரத்தில் இடுகின்றன. அம்முட்டைகள் நீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிருடன் கிடந்து, மழையில் கலம் நிரம்பியதும் பொரிந்து, இந்நாட்டு வெப்பத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களில் கொசுக்களாகின்றன. அல்போபிக்டஸ் பகலில் நிழலான செடிகளிடையே தங்கும் என்பது உண்மையே. ஆனால் தங்குமிடத்தையும் பெருகுமிடத்தையும் ஒன்றெனக் கொள்வதில்தான் பிழை இருக்கிறது. ஏடிஸ் பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே திரிவதால், கொசு மிகுந்த தெருவில் தேட வேண்டியவை அடைபட்ட கூரைக் கால்வாய், பழைய டயர், பூத்தொட்டித் தட்டு, புல்லுக்குள் எறியப்பட்ட பிளாஸ்டிக் குவளை ஆகியவையே. குவளையை விட்டுவிட்டுப் புல்லை மட்டும் வெட்டினால் கொசுவின் தொட்டில் அப்படியே இருக்கும். இலைக்கக்கத்தில் நீர் தேக்கும் புரோமிலியாட் அலங்காரச் செடிகளை வாசலில் வைத்துக்கொண்டு காட்டுப்பூவைக் குற்றஞ்சாட்டுவது பொறுப்பற்ற செயலாகும்.

வசந்தம் இல்லாத நாட்டில் ஓராண்டுப் பூக்கள் வளரா என்பதும் பொருந்தாது. முளைத்து, பூத்து, விதைத்து, ஓராண்டுக்குள் மடியும் செடியே ஓராண்டுச் செடி. குளிர்நாடுகளில் அதை எழுப்புவது வசந்தம் என்றால் இங்கே மழையே எழுப்புகிறது. பூவாங்குருந்தல், அதாவது ஆயுர்வேதம் சகதேவி என்றழைக்கும் ஊதாப்பூச் சிறுசெடி, தண்டவாள ஓரத்திலும் நடைபாதை வெடிப்பிலும் தானே முளைத்து இதை மெய்ப்பிக்கிறது. மாறாக, ஐரோப்பிய விதைப் பொட்டலங்களிலுள்ள பாப்பியும் கார்ன்ஃபிளவரும் பூக்க நீண்ட பகலை வேண்டுபவை. நிலநடுக்கோட்டை ஒட்டிய, ஆண்டு முழுதும் ஏறத்தாழ 12 மணி நேரமே பகலுள்ள இப்பகுதிக்கு அவை ஏற்றவையல்ல.

சாலையோரத்தில் பூப்பதெல்லாம் உள்நாட்டுச் செடி என்பதும் தவறு: தொட்டாற்சுருங்கி, காஸ்மோஸ், மஞ்சள் வெடிலியா ஆகிய மூன்றும் அமெரிக்க நிலப்பகுதிகளிலிருந்து வந்தவை. உரமிட்டால் பூ பெருகும் என்ற எண்ணமும் வேண்டா. உரம் புல்லையே கொழுக்கவைக்கும். பூவாங்குருந்தலின் சிறுவிதையை ஆழப் புதைக்காமல், புல் நீக்கிய மண்ணின்மேல் தூவி, கையால் அழுத்திவிட்டாலே போதுமானது.

உண்மையில் அஞ்ச வேண்டியது களைக்கொல்லியைத்தான். மலேசியா 2020 ஜனவரி 1 முதல் பாராகுவாட்டைத் தடைசெய்த பிறகும், குடியிருப்பு ஓரங்களில் வேறு களைக்கொல்லிகளைத் தெளிக்கும் பழக்கம் தொடர்கிறது. அது அடுத்த தலைமுறைக்கான விதையையே இல்லாமலாக்குகிறது. குடியிருப்போர் சங்கங்கள் புல்வெட்டும் குத்தகையில் மூன்று நிபந்தனைகளை எழுத்தில் சேர்க்க வேண்டும்: வெட்டுமுன் குப்பைக் கலங்கள் பொறுக்கப்பட வேண்டும், நடைபாதையை ஒட்டிய ஒரு மீட்டர் மட்டும் அடிக்கடி வெட்டப்பட வேண்டும், எஞ்சிய பகுதியில் பூவாங்குருந்தலின் வெண்பஞ்சு விதைகள் காற்றில் பறந்த பின்னரே இயந்திரம் இறங்க வேண்டும்.