சூப்பர் கம்ப்யூட்டருக்கு ஓர் ஒத்திகை

மேடை ஏறுவதற்கு முன் நாடகத்துக்கு ஒத்திகை உண்டு. சூப்பர் கம்ப்யூட்டருக்கும் உண்டு, தெரியுமா?

அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தில் உள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தின் 'ஃபிரான்டியர்', 2022 மே மாதம் 1.1 எக்ஸாஃப்ளாப் வேகத்தைத் தொட்டது. அதாவது 1-க்குப் பின்னால் 18 பூஜ்யம். ஒரே விநாடியில் அதற்கும் மேலான கணக்குகள்! இது 9,400-க்கும் அதிகமான 'நோடு' எனப்படும் தனித்தனிக் கணினிகளை இணைத்த அமைப்பு. ஒவ்வொரு நோடிலும் ஏ.எம்.டி.யின் 64 கோர் பிராசஸர் ஒன்று, ஜி.பி.யூ. நான்கு.

இதன் ஒத்திகை மேடையாக இருந்ததுதான் 'கிரஷர்'. அதே பாகங்கள், அதே வயரிங் முறை. ஆனால் 192 நோடுகள் மட்டுமே.

ஒத்திகை எதற்கு?

அங்கே 2018-ல் வந்த 'சம்மிட்' கணினியில் இருந்தவை என்விடியா ஜி.பி.யூ.க்கள். அதற்காக 'கூடா'வில் எழுதிய புரோகிராம்கள் புதிய மெஷினில் அப்படியே ஓடாது. 'ஹிப்' போன்ற முறைக்கு மாற்றணும். மாற்றினால் மட்டும் போதுமா? என்விடியாவில் 32 திரெட்கள் ஒரு குழுவாக நகரும், ஃபிரான்டியரின் ஜி.பி.யூ.வில் 64. குழுவுக்கு 32 என்று நம்பி எழுதிய வரி ஒன்று உள்ளே ஒளிந்திருந்தால், எர்ரரே வராமல் விடை மட்டும் தப்பா வரலாம்! இதைச் சின்ன மெஷினிலேயே பிடித்துவிட்டால், பெரிய மெஷினின் நேரம் வீணாகாது.

ஒத்திகை சொல்லாதது

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நோடு சராசரியாக 5 வருஷத்துக்கு, அதாவது 43,800 மணிக்கு ஒருமுறை பழுதாகும் என்று வைத்துக்கொள்வோம். 192-ஆல் வகுத்தால் 228 மணி. கிரஷரில் ஒன்பது நாளுக்கு மேல் நிம்மதி! 9,400-ஆல் வகுத்தால்? ஐந்து மணிகூட இல்லை. புரோகிராம் அதேதான், பாகமும் அதேதான். எண்ணிக்கை கூடியதுமே பழுது தினசரி விஷயமாகிவிடுகிறது. அதனால்தான் நீண்ட கணக்குகளை நடுநடுவே டிஸ்க்கில் சேமித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். இதற்குப் பெயர் 'செக்பாயிண்ட்'.

நம்ம புராஜெக்டுக்கும் இதே பாடம்தான். பத்து ரெக்கார்டில் ஓடியது பத்தாயிரத்தில் ஓடுமா? ரிப்போர்ட்டில் 'சோதித்தோம்' என்று எழுதும்போது, எவ்வளவில் சோதித்தோம் என்பதையும் சேர்த்து எழுதுவோம்!