நீங்கள் லீவு போட்டால் வேலை நடக்கிறதா?

புதிதாக டீம் லீடர் ஆகியிருக்கிறீர்களா? ஒரு நாள் லீவு போட்டுப் பாருங்கள். மத்தியானத்துக்குள் போன் பத்துத் தடவை அடித்தால், நீங்கள் ஆட்களை நடத்தும் விதத்தை ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1939இல் வெளியான ஆய்வு அது. அமெரிக்காவின் அயோவாவில் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் மூவரும் பத்து வயதுப் பையன்களை ஐந்தைந்து பேராகச் சேர்த்துக் கைவேலை கிளப் நடத்தினார்கள். ஒரு கிளப்பில் தலைவர் வைத்ததே சட்டம். இன்னொன்றில் கலந்து பேசி முடிவெடுத்தார்கள். மற்றொன்றில் தலைவர் கண்டுகொள்ளவே இல்லை. வேலை குறைவாக நடந்ததும் மட்டமாக நடந்ததும் அங்கேதான். உத்தரவு போட்ட கிளப்பில் தலைவர் இருக்கும்வரை வேலை ஜோராக நடந்தது. அவர் அறையை விட்டு வெளியே போனதும் படுத்துவிட்டது. கலந்து பேசிய கிளப்பில் அவர் போனதால் பெரிய வித்தியாசம் இல்லை.

அதற்காக, நேற்றுச் சேர்ந்த பெண்ணிடம் போய் "ஜிஎஸ்டி ரிட்டர்னை எப்படிப் போடலாம்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டால் அவர் முழிப்பார். ஆளுக்குத் தக்கபடி முறையை மாற்றச் சொன்னார்கள் பால் ஹெர்சியும் கென் பிளாஞ்சர்டும், 1969இல். பிள்ளை வளர வளரப் பெற்றோர் பிடியைத் தளர்த்துவது போலத்தான். முதலில் சொல்லிக்கொடுப்பது, பிறகு காரணம் விளக்குவது, பிறகு சேர்ந்து முடிவெடுப்பது, கடைசியில் பொறுப்பை ஒப்படைத்து ஒதுங்குவது. ஆய்வுகளில் இதற்குப் பலமான ஆதாரம் கிடைக்கவில்லை. இருந்தும் பயிற்சி வகுப்புகளில் சலிக்காமல் ஓடுகிறது. கைக்கு அடக்கமான கணக்கு என்பதால் நானும் விடுவதில்லை.

பலர் சறுக்கும் இடம் வேறு. இருபது வருடம் கணக்கு எழுதிய சீனியர், புது சாஃப்ட்வேர் வந்ததும் அந்த ஒன்றில் மட்டும் புதுமுகம். "உங்களுக்குத் தெரியாததா அண்ணே" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், மரியாதை என்ற பேரில் அந்தக் கண்டுகொள்ளாத தலைவராகிவிடுவீர்கள். அவரோ கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு ராத்திரி ஒன்பது மணி வரை பழைய எக்செல்லிலேயே மல்லுக்கட்டுவார். பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். முதல் இன்வாய்ஸை அவர் கையாலேயே ஏற்ற வையுங்கள்.

அடுத்த லீவுக்கு முன்னால் ஒரு தாளில் ஒவ்வொருவர் பேருக்கு நேராகவும் அவர் பார்க்கும் வேலைகளைத் தனித்தனியாக எழுதுங்கள். எதற்கெல்லாம் உங்களைக் கூப்பிடுவார் என்று தோன்றுகிறதோ, அதைச் சுழித்து வையுங்கள். சொல்லிக்கொடுக்க வேண்டியது அவ்வளவுதான். சுழிக்காத வேலைகள் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதீர்கள்.